மூன்றாம் குழுவின் பிள்ளைகள்

நமது பல்கலைக்கழகங்களிலும் உயர்கல்வி நிறுவனங்களிலும் புதிய மாணவர் அணி உள்ளே வரும்போதெல்லாம் ஒரு சடங்கு நடக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சிறு பரீட்சை வைப்பார்கள். இடைவெளி நிரப்புதல், சரியான விடையின் கீழ்க் கோடிடுதல், முடிந்தால் கடைசியில் ஒரு பந்தி எழுதுதல். சில நாட்களில் அறிவித்தல் பலகையில் பட்டியல்கள் தொங்கும். உயர்நிலை, இடைநிலை, அடிநிலை என்பார்கள். முதலாம், இரண்டாம், மூன்றாம் குழு என்று சொல்வதும் உண்டு. பெயர் எதுவானாலும் மூன்றாவது பட்டியலில் யார் இருப்பார்கள் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். மூதூர், தோப்பூர், கிண்ணியா, குச்சவெளி, புல்மோட்டைப் பிள்ளைகள் அதில் இருப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஈச்சிலம்பற்றைத் தமிழ்ப் பிள்ளையும் கோமரங்கடவலச் சிங்களப் பிள்ளையும் இருப்பார்கள். இனப் பிரச்சினை தீராத நாட்டில் மூவினமும் ஒற்றுமையாகக் குந்தியிருக்கும் இடம் இந்த மூன்றாம் குழுதான்!

தரம் பிரிப்பதே அநியாயம் என்று வாதிடுவோர் உண்டு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். கொழும்பில் ஆங்கில மொழிமூலம் படித்து வந்த பிள்ளையையும், ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்து வந்த பிள்ளையையும் ஒரே வாங்கில் இருத்தி ஒரே பாடத்தைக் கொடுத்தால் முதற் பிள்ளை பேசும். மற்றப் பிள்ளை மூன்று வருடமும் வாய் திறவாது. ஆகவே பிரிக்கட்டும். பிரித்ததன் பின் எந்தக் குழுவுக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எனது வழக்கு இருக்கிறது.

முதலாம் குழுவுக்கு எழுத்து கொடுக்கப்படுகிறது. கட்டுரை, அறிக்கை, சுருக்கம், விவாதம். மூன்றாம் குழுவுக்கு மறுபடியும் காலங்கள் கொடுக்கப்படுகின்றன. நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம். தரம் 3 தொடக்கம் தரம் 13 வரை பதினொரு வருடம் இதே காலங்களை இடைவெளி நிரப்பி வந்த பிள்ளைதான் இது. பதினொரு வருடம் வேலை செய்யாத மருந்தைப் பன்னிரண்டாம் வருடமும் அதே அளவில் கொடுக்கும் வைத்தியரை நாம் என்னவென்று சொல்வோம்?

என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த ஒரு மாணவி. கடற்கரைக் கிராமத்துப் பிள்ளை. தமிழில் 'ஏ' சித்தி. மாவட்ட மட்டக் கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றவள். ஒரு பல்கலைக்கழகத்தில் அவளை மூன்றாம் குழுவில் போட்டார்கள். விடுமுறையில் வந்தவளிடம் ஆங்கிலக் கொப்பியைக் காட்டச் சொன்னேன். ஒரு முழு வருடக் கொப்பி. அதில் அவள் தன் சொந்த வசனங்களால் எழுதிய ஒரு பந்திகூட இருக்கவில்லை. அத்தனை பக்கங்களிலும் அடைப்புக்குறிக்குள் கிடந்த வினைச்சொல்லைச் சரியான வடிவத்தில் எழுதியிருந்தாள். "இன்னும் உங்களுக்கு எழுத்து வரவில்லை" என்று சொன்னார்களாம், சேர். எழுதவே விடாமல் எழுத்து எங்கிருந்து வரும் என்று அவள் கேட்டாள். இந்தக் கேள்விக்கு எந்த ஆங்கிலப் பிரிவிடம் பதில் இருக்கிறது?

எழுத்தை ஏன் கடைசி வரைக்கும் ஒளித்து வைக்கிறார்கள்? "முதலில் பேசட்டும், பிறகு எழுதலாம்" என்பது வழமையான மறுமொழி. 2009ஆம் ஆண்டை அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாகப் பிரகடனம் செய்தபோது "ஆங்கிலம் ஒரு வாழ்க்கைத் திறன்" என்ற சுலோகம் எங்கள் பாடசாலைச் சுவர்கள் வரை வந்து சேர்ந்தது. நமது பாணியில் ஆங்கிலம் பேசுவோம், வெட்கப்பட வேண்டாம் என்றார்கள். நல்ல சொல்தான். வெட்கம் தீர வேண்டியதும் அவசியம்தான். ஆனால் அந்த அலை கிராமத்துக்கு வந்தபோது பேச்சு மட்டும் வந்தது; எழுத்து நகரத்திலேயே நின்றுவிட்டது.

பேச்சுக்கு ஓர் ஆங்கிலம், எழுத்துக்கு வேறோர் ஆங்கிலம் என்ற இந்தப் பங்கீடு திருகோணமலைக்குப் புதிதல்ல. 1795ல் ஒல்லாந்தரிடமிருந்து துறைமுகத்தைப் பிடித்த பிரித்தானியர் 1957ல் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும் வரை இங்கே இருந்தார்கள். அக்காலத்தில் தளத்தில் கூலிவேலை செய்த நமது மூத்த தலைமுறைக்கு ஆங்கிலம் காதால் தெரியும். தூக்கு, இறக்கு, கொண்டு வா, நில் என்ற சொற்கள் எல்லாம் தெரியும். கேட்டுக் கீழ்ப்படிவதற்கு அது போதும். பேரேட்டை எழுதியவர்களும் சம்பளப் பட்டியலைத் தயாரித்தவர்களும் வேறு ஆட்கள். கட்டளையைக் கேட்பவனுக்கு ஓர் ஆங்கிலம், கட்டளையை எழுதுபவனுக்கு வேறோர் ஆங்கிலம். தளம் போய் அறுபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அந்தப் பங்கீடு மட்டும் குழு என்ற பெயரில் விரிவுரை மண்டபத்துக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் குழுவுக்கு எதிரே வருபவரை வரவேற்கவும், தொலைபேசியை எடுக்கவும், நேர்முகப் பரீட்சையில் பெயர் சொல்லவும் கற்பிக்கிறோம். ஒரு விடயத்தை மறுத்து எழுதக் கற்பிப்பதில்லை. மறுத்து எழுதத் தெரியாதவன் படித்தவன் ஆகலாம். சம உரிமை உள்ளவன் ஆகமாட்டான்.

சிங்கள மாணவர்கள் வளாகங்களில் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள். வாள் என்று பொருள். வெட்டும் என்பதால் வைத்த பெயர். வாளின் பிடி யார் கையில் என்பதுதான் விடயம். எழுத்துத்தான் அந்தப் பிடி.

"எழுதத் தெரியாதவனிடம் எழுதச் சொன்னால் பிழைதானே வரும்?" என்பது அடுத்த ஆட்சேபணை. வரட்டும். பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தெரிந்தவர்தான் ஆசிரியர். 1970ல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் உயர்நிலைப் பாடசாலையை முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்தது. ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள், புவெர்த்தோ ரிக்கோப் பிள்ளைகள், குடியேறியவர்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். எழுத்துப் பரீட்சைத் தாள்களைப் பார்த்துப் பேராசிரியர்கள் தலையில் கைவைத்தார்கள். மீனா ஷோனெசி என்ற ஆசிரியை மட்டும் அப்படியான சுமார் 4000 தாள்களை வாசித்து ஆராய்ந்தார். 1977ல் அவர் வெளியிட்ட நூலின் சாரம் இதுதான்: இந்த மாணவர்கள் மூளையற்றவர்கள் அல்லர், எழுத்துக்குப் புதியவர்கள், அவர்களுடைய பிழைகள் கண்டபடி விழுந்தவை அல்ல, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நியாயம் இருக்கிறது, அந்த நியாயத்தைக் கண்டுபிடித்தால் திருத்த வழி பிறக்கும்.

நமது பிள்ளையின் பிழையை எடுத்துக்கொள்வோம். 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்' என்று எழுதுகிறது. சிவப்புப் பேனை உடனே பாய்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை என்ன செய்திருக்கிறது? 'போகிறேன்' என்ற ஒரே சொல்லுக்குள் செயல், காலம், செய்பவர் ஆகிய மூன்றும் இருக்கின்றன. 'கோ' என்று எழுதியதும் செயல் மட்டுமே வந்திருக்கிறது, மற்றவை விடுபட்டுவிட்டன என்று அதன் தமிழ்க் காது சொல்கிறது. விடுபட்டதை நிரப்ப 'ஆம்' என்பதைக் கொண்டுவந்து வைக்கிறது. இதில் மடமை எங்கே? இலக்கண உணர்வல்லவா இருக்கிறது!

இன்னொன்று. 'அன்ட், அன்ட்' என்று முடிவில்லாமல் வசனத்தை நீட்டுகிறார்கள் என்பது விரிவுரையாளர்களின் பொது முறைப்பாடு. தமிழில் நாம் எப்படி எழுதுகிறோம்? 'சுபஹுக்கு எழும்பி, தொழுது, வலையைத் தூக்கிக்கொண்டு, தோணியைத் தள்ளி, கொட்டியாரக் குடாவுக்குள் இறங்கினார்கள்.' எச்சங்களைச் சங்கிலியாகக் கோத்துக் கடைசியில் ஒரு முற்றைக் கட்டுவது தமிழின் அழகு. அந்தச் சங்கிலியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகப் பிள்ளையின் கையில் இருக்கும் ஒரே கொக்கி 'அன்ட்'. வேறு கொக்கிகளைக் கொடுங்கள், பயன்படுத்தும். அதைக் கொடுக்காமல் 'வசனம் நீளம்' என்று ஓரத்தில் எழுதுவதால் யாருக்கு என்ன லாபம்?

'த' என்ற அந்தச் சிறு சொல் தமிழர் அனைவரையும் அலைக்கழிக்கிறது. தமிழில் அதற்கு நேரான சொல் இல்லை. ஆனால் அரபு ஓதிய பிள்ளைக்கு 'கிதாப்' தெரியும், 'அல்கிதாப்' தெரியும். ஏதோ ஒரு புத்தகம், இன்ன புத்தகம் என்ற வேறுபாட்டை நமது மௌலவியிடம் ஐந்து நிமிடத்தில் விளங்கிக்கொள்ளலாம். இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப் போகாது. பண்புப் பெயர்களுக்கு அரபு 'அல்' போடும் இடங்களில் ஆங்கிலம் 'த' போடாது. அந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் அது ஒரு நல்ல பாடம். இரு மொழியில் வாழ்ந்து மூன்றாவதில் ஓதி வந்த பிள்ளையை, மொழியே தெரியாத பிள்ளை என்று ஒரு பட்டியலில் போட்டு வைத்திருக்கிறோம்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதற் பாடங்களில் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பது. ஆங்கில வகுப்பின் வாசலில் மட்டும் இந்த விதி செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படுகிறது. 'இங்கே தமிழ் பேசக் கூடாது' என்ற அறிவித்தலைப் பெருமையோடு ஒட்டி வைத்த வகுப்பறைகளை நான் பார்த்திருக்கிறேன். தமிழை வெளியே நிறுத்தினால் பிள்ளையின் சிந்தனையும் வெளியேதான் நிற்கும்.

எழுத்து என்பது மொழி மட்டுமல்ல. எதைச் சொல்வது, எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எதிராளி என்ன கேட்பான் என்று கணக்குப் போடுவது. இவை எந்த மொழிக்கும் பொது. இதைத் தமிழில் பழகாத பிள்ளை ஆங்கிலத்தில் பழகாது. இங்கே தமிழ்ப் பாடத்தின் மீதும் குற்றம் உண்டு. உயர்தரத் தமிழ் வகுப்பு பல இடங்களில் 'நோட்ஸ்' எழுதும் வகுப்பாகிவிட்டது. டியூட்டரி மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து பரீட்சையில் இறக்கி வைத்துவிட்டு வரும் பிள்ளைக்குத் தமிழிலும் சொந்த வசனம் கிடையாது. பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' எழுதி இருபத்தைந்து வருடங்கள் கடந்துவிட்டன. இக்காலத் தமிழ் எப்படி இயங்குகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லும் அந்த நூலை ஆங்கில ஆசிரியர்கள் எத்தனை பேர் புரட்டியிருப்பார்கள்? மாணவரின் மொழியைப் படிக்காமல் மாணவரின் பிழையை எப்படிப் படிப்பது?

உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பல்கலைக்கழக நுழைவுக்கான இசட் புள்ளியில் அது சேராது. சேராத பாடத்துக்கு எங்கள் பகுதிப் பாடசாலைகளில் என்ன மரியாதை கிடைக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆசிரியர் இல்லாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆசிரியர் இருந்தால் அந்த நேரத்தை இரசாயனவியல் வாங்கிக்கொள்ளும். பிறகு அதே பிள்ளை வளாகத்துக்குப் போன முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தைக் கொண்டு அளக்கப்படுகிறது. எண்ணாத புள்ளியை இப்போது எண்ணுகிறார்கள்.

மற்ற நாடுகளில் இதற்கு மாற்று தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் கவுண்டி சமூகக் கல்லூரியில் 2007ல் ஒரு முறையைத் தொடங்கினார்கள். பின்தங்கியவர்கள் என்று கணிக்கப்பட்ட மாணவர்களை வருடக்கணக்கில் ஆயத்த வகுப்பில் காக்க வைக்காமல் நேரே சாதாரண எழுத்து வகுப்பிலேயே சேர்த்தார்கள். அந்த வகுப்பு முடிந்ததும் அவர்களை மட்டும் சிறு குழுவாக இருத்தி, அதே ஆசிரியர் மேலதிகமாகக் கற்பித்தார். பழைய முறையில் ஆயத்த வகுப்பிலேயே இடைவிலகிப் போனவர்களைவிட, இம்முறையில் சித்தியடைந்தவர்கள் அதிகம் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. கலிபோர்னியா மாநிலம் 2017ல் சட்டமே இயற்றி, சமூகக் கல்லூரிகள் மாணவர்களைத் தேவையின்றி ஆயத்த வகுப்புகளில் தள்ளுவதைத் தடுத்தது. அங்கே வகுப்புக்கு வெளியேயும் ஆங்கிலம் காதில் விழும். இங்கே கிண்ணியாப் பாலம் தாண்டியும் விழாது. ஆகவே அப்படியே நகல் எடுக்க முடியாது. ஆனால் அதன் உட்கருத்தை எடுக்கலாம். கீழே இருப்பவனுக்குக் குறைந்த பாடம் அல்ல, அதே பாடமும் கூடுதல் உதவியும் வேண்டும்.

எச்சரிக்கை ஒன்றும் அங்கேயே இருக்கிறது. 1970ல் கதவைத் திறந்த அதே நியூயோர்க் பல்கலைக்கழகம் 1999ல் தனது நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து ஆயத்த வகுப்புகளை அகற்ற முடிவு செய்தது. அடிநிலை வகுப்பைத் தருமம் என்று நினைப்பவர்கள் தருமத்தை என்றைக்கும் நிறுத்தலாம். உரிமை என்று நிலைநாட்டினால்தான் அது நிற்கும்.

நமது சமூகத்துக்குள் இந்த விடயத்தில் இரண்டு கட்சிகள். ஒரு கட்சி, ஆங்கில மொழிமூலம் வந்துவிட்டால் எல்லாம் சரி என்கிறது. இதைச் சொல்பவர்களில் பலருடைய பிள்ளைகள் சர்வதேசப் பாடசாலையில் படிக்கிறார்கள். மற்றவர்களின் பிள்ளைகளுக்காக அவர்கள் செய்வது, 'மூன்று மாதத்தில் ஆங்கிலம்' என்ற சுவரொட்டியைப் பார்த்துத் தலையசைப்பது. மறு கட்சி, தமிழ் போதும், ஆங்கில மோகம் அடிமைப் புத்தி என்கிறது. இந்தக் கட்சியில் எழுத்தாளர் பலர் உண்டு. இரு சாராருக்கும் அறிஞர் சித்திலெவ்வையை நினைவூட்ட விரும்புகிறேன். ஆங்கிலம் கற்றுச் சட்டத்துறையில் தொழில் செய்த அந்த மனிதர்தான் 1882ல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தமிழில் தொடங்கினார். 1885ல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். 1892ல் ஆரம்பமான மத்ரஸதுஸ் ஸாஹிராவின் பின்னால் நின்று முஸ்லிம் பிள்ளைகளுக்கு நவீன கல்வி வேண்டும் என்று போராடினார். ஆங்கிலம் வந்ததால் அவருடைய தமிழ் தேயவில்லை. ஒன்றைப் பிடிக்க மற்றதைக் கைவிட வேண்டும் என்ற வாதத்தை அவரே நூற்று நாற்பது வருடங்களுக்கு முன் முடித்து வைத்துவிட்டார்.

என்ன செய்யலாம்? மூன்று காரியங்கள்.

முதலாவது, மூன்றாம் குழு முதல் வாரத்திலேயே எழுத வேண்டும். தனக்குத் தெரிந்த ஒன்றைத் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும்; கரைவலை இழுப்பதை, தம்பலகாமத்து வயலில் சூடடிப்பதை, சுனாமி பற்றி வாப்பாவும் உம்மாவும் சொன்னதை. அதைப் பத்துச் சிறு வசனங்களாகக் குறைத்து ஆங்கிலத்தில் எழுதட்டும். பிறகு இரண்டு இரண்டாகச் சேர்க்கட்டும். ஆசிரியர் ஒரு வாரத்தில் ஒரே வகைப் பிழையை மட்டும் திருத்தட்டும். ஓர் அரையாண்டுக்கு 15 வாரங்கள். இரண்டு அரையாண்டுகளில் 30 பந்திகள். அடைப்புக்குறிக் கொப்பிக்குப் பதிலாக 30 பந்திகளோடு வரும் பிள்ளையை யாரும் 'எழுத்து வரவில்லை' என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, அனுபவம் கூடிய ஆசிரியர் மூன்றாம் குழுவுக்கே போக வேண்டும். இப்போது தலைகீழாக நடக்கிறது. மூத்தவர் முதலாம் குழுவுக்கு. மணித்தியாலக் கொடுப்பனவுக்கு வரும் இளையவர் மூன்றாம் குழுவுக்கு. 40 மாணவர்களின் பந்திகளை, ஒன்றுக்கு 5 நிமிடம் வீதம் பார்த்தால் 200 நிமிடம், அதாவது மூன்று மணித்தியாலமும் 20 நிமிடமும். வகுப்பில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் காசு கொடுத்தால் எந்த இளைஞர் இதைச் செய்வார்? திருத்தும் நேரத்தையும் வேலையாகக் கணக்கெடுங்கள்.

மூன்றாவது, குழு மாறும் வழி ஒவ்வொரு அரையாண்டிலும் திறந்திருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு கோடிட்ட விடைகளைப் பார்த்து வரக் கூடாது. எழுதிய பந்திகளைப் பார்த்து வர வேண்டும். முதல் வாரத்தில் ஒரு மணித்தியாலம் எழுதிய தாள் மூன்று வருடத் தலைவிதியாக இருப்பது எந்த நீதியிலும் சேராது.

இதையெல்லாம் ஓர் இலக்கியச் சஞ்சிகையில் ஏன் எழுதுகிறாய் என்று சிலர் கேட்கலாம். 2006ல் மூதூர் மக்கள் இடம்பெயர்ந்து நடந்த கதை, 2004ல் கடல் கிண்ணியாவுக்குள் வந்த கதை, போர்க்காலம் முழுவதும் இந்தக் கரையோரம் பட்டதெல்லாம் தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. உலகம் வாசிக்கும் ஆங்கிலத்தில் எவ்வளவு இருக்கிறது? நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிய அறிக்கைகள் இருக்கின்றன. நாம் எழுதியது மிகக் குறைவு. அதை மொழிபெயர்க்கப் போகிறவர் கொழும்பிலிருந்து வரமாட்டார். கரைவலை என்றால் என்ன, பாதை என்றால் என்ன, மையவாடியில் ஏன் மீஸான் கட்டை நடுகிறோம் என்பதெல்லாம் தெரிந்தவர்தான் வர வேண்டும். அவர் இப்போது ஏதோ ஒரு விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையில், மூன்றாம் குழுவில், அடைப்புக்குறிக்குள் ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் ஒரு வெற்றுத்தாளைக் கொடுக்கும்படி கேட்கிறேன். கேட்கும் இடத்தில் இருப்பவர்களில் பலர் இந்தச் சஞ்சிகையின் வாசகர்களே. விரிவுரையாளர்களாக, அதிபர்களாக, கல்விப் பணிப்பாளர்களாக இருக்கிறார்கள். அடுத்த அணி உள்ளே வருவதற்கு முன் அவர்கள் பதில் சொல்லட்டும்.